துணி ஒருத்தியிடம், கம்பு ஒருத்தியிடம்

கீழ ஊத்துட்டி என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். தண்ணீரைக் கீழே ஊற்றுவதாம். செண்பகவல்லி ஏற்றத்தில் ஒரு காலை எடுத்து வைத்து, அடுத்த காலை அதன் பக்கத்துக்கு இழுத்து வந்து, நின்று மூச்சு வாங்கினாள். முதுகுப் பைக்குள் ஐந்து லிட்டரும் களக் களக்கென்று ஆடியது. ஆடட்டும். அந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும் மனுஷிக்குச் சாவு கிடையாது என்று நினைத்துக்கொண்டே பாலைவனம் முழுக்க நடந்தவளிடம் வந்து, இனிமே மலைட்டி, காலடியில எல்லாம் ஓடை ஓடுது, எதுக்குச் சொமக்க, ஊத்து கீழ என்றால் இந்தக் கை எப்படி ஊற்றும்? ஜெசிந்தாவுக்கு என்ன, தூத்துக்குடிக்காரி, கண்ணைத் திறந்தால் கடல். கோவில்பட்டியில் குழாயில் தண்ணீர் வருகிற நாள் என்றால் கல்யாண வீட்டுக்குக்கூடப் போகாமல் குடத்தோடு உட்கார்ந்திருந்தவளிடம் இதைச் சொல்லலாமா? அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் கழுவி, பாத்திரம் கழுவின தண்ணீரை முருங்கைக்கு ஊற்றி வளர்ந்த உடம்பு இது. அமெரிக்காவுக்கு, சாக்ரமெண்டோவுக்குக் குடிவந்து மகன் காலேஜுக்கே போயாயிற்று, குழாயைத் திறந்தால் கொட்டுகிறது, இன்னமும் பல் தேய்க்க ஒரு டம்ளர்தான். அது வியாதி என்றால் வியாதி. ஊத்த மாட்டேன் போடி என்று சொன்னதும் ஜெசிந்தா ஒரு பார்வை பார்த்தாள், நர்ஸ் வேலை பார்த்துப் பார்த்துப் பழகின பார்வை, மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்து வைக்கிற கிழவனைப் பார்க்கிற பார்வை. "சரி, சொமந்து தொலை. நான் முன்னால போய் ஆத்துக்கிட்ட நிக்கேன். நீ தேரு மாதிரி அசைஞ்சு வா." சொல்லிவிட்டு விறுவிறுவென்று போயேவிட்டாள். தேராம். தேரென்றால் இழுக்க ஊரே நிற்கும், இங்கே இழுப்பது யார்? அவளே வடம், அவளே சக்கரம்.

மெக்சிகோ எல்லை வேலியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இரண்டு பேரும் கிளம்பியது சித்திரையில். கனடா எல்லை வரைக்கும் போகிற பாதை. நடந்தே போகிறோம் என்று சொன்னபோது வேண்டுதலா என்று ஊரிலிருந்து அத்தை கேட்டாள். வேண்டுதலென்றால் ஒரு கோவில் இருக்க வேண்டுமே. ஜெசிந்தா அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள், நாங்கள்லாம் பனிமய மாதா ஊர்க்காரங்க அத்தை, பனியையே பாக்காம மாதாவுக்குத் தங்கத் தேர் இழுத்த சனம், நான் போய்ப் பனி எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து மாதாகிட்ட சொல்லுதேன். செண்பகவல்லியிடம் அப்படி எந்தப் பதிலும் இல்லை. வேலை போனது ஒரு காரணம் என்று எல்லாரும் நினைத்தார்கள். சீ, வேலையாவது. வேலை போன மறுவாரம் வீட்டுக்குள்ளேயே சோபாவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தபோது, இதே நடையை வெளியில் நடந்தால் எங்கே போய்ச் சேருவோம் என்று தோன்றியது, அவ்வளவுதான். நடந்தாள். மணல், கள்ளி, மறுபடி மணல். நிழல் தேடி மத்தியானமெல்லாம் ஒரு பாறையின் இடுக்கில் கூனிக் கிடந்து சாயங்காலம் எழுந்து நடந்தாள். காற்றாலைக் காட்டுக்குள் நடந்தபோது கயத்தாறு ரோடு மாதிரியே இருந்தது, டீக்கடை மட்டும் இல்லை. வெயில் அவளை ஒன்றும் செய்யவில்லை. கூட நடந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லாம் சுருண்டு விழுந்தபோது அவள் மட்டும் மோருக்கு ஏங்கிக்கொண்டே ராசாத்தியாகப் போனாள். அதில் ஒரு கர்வம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். பாலைவனம் அவளுடைய பாஷையில் பேசியது. இந்த மலை பேசுகிற பாஷைதான் பிடிபடவில்லை. நேற்றிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் சளசள என்று தண்ணீர் பேசிக்கொண்டே இருக்கிறது, பைன் மரத்துக்கு அடியில், கல்லுக்கு அடியில், ஏன், நடக்கிற பாதையே சில இடத்தில் வாய்க்காலாகக் கிடக்கிறது. சப்பாத்து நனைந்து, உலர்ந்து, நனைந்து. தண்ணீருக்குள் நின்றுகொண்டு முதுகில் தண்ணீரைச் சுமக்கிறாள். சிரிப்பு வந்தது. ஊற்றத்தான் மனசு வரவில்லை.

கோபத்தில் போனாளே, போகிறவள் கம்பையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவர்கள் பாரத்தைப் பங்கு வைத்திருந்தது அப்படி. கூடாரத்தில் துணி செண்பகவல்லியிடம், அதை நிறுத்துகிற கம்பும் முளைகளும் ஜெசிந்தாவிடம். கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இவளிடம், தண்ணீர் வடிகட்டுகிற ஃபில்டர் அவளிடம். இரண்டு பேராகப் போகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் வைத்துக்கொள்வார்கள், ஆளுக்குப் பாதி கனம் குறையும். ஆனால் ஒரு வில்லங்கம் இருக்கிறது, சண்டை போட முடியாது. போட்டாலும் ராத்திரிக்குள் சமாதானமாகிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒருத்தி வெறும் துணியைப் போர்த்திக்கொண்டும் இன்னொருத்தி வெறும் கம்பைக் கட்டிக்கொண்டும் படுக்க வேண்டியதுதான். கல்யாணத்தில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒருநாள் ஜெசிந்தா சொன்னாள். அவள் புருஷன் போய்ச் சில வருஷம் ஆயிற்று, செத்துப் போகவில்லை, போய்விட்டான். அதைப் பற்றி அவள் பேசியதெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான். மற்றபடி எல்லாவற்றுக்கும் ஒரு கேலி வைத்திருப்பாள். கேலி இல்லாத நேரத்தில்தான் அவளைப் பார்த்து பயப்பட வேண்டும். இன்று காலையில் கேலி இருந்தது. அப்படியென்றால் கோபம் பெரிசில்லை. பெரிசில்லைதான். ஆற்றங்கரையில் நிற்பாள். சேர்ந்துதான் இறங்க வேண்டும் என்பது இவர்களுக்குள் முதல் நாளே பேசினது. எந்த ஆறாக இருந்தாலும் ரெண்டு பேரும் சேர்ந்து, இவள் பயப்படுவாள் என்பதால்.

பயப்படுவாள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அதுதான் எரிச்சல். புருஷன் கோமதிநாயகம் அவளை எல்லையில் கொண்டுவந்து இறக்கிவிட்டபோது, காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு பிரியமாகச் சொன்னார். "பாலைவனத்த நீ தாண்டிருவ செம்பா, அதுல எனக்குச் சந்தேகமே கெடையாது. ஆறு வந்தா திரும்பிருவ. திரும்பினா தப்பே இல்ல. நான் கார எடுத்துட்டு வந்துருவேன்." நல்ல மனுஷன். கோபப்படக்கூட வழி வைக்காமல் நல்லவராக இருக்கிற மனுஷன். தினமும் காலையில் அந்த ஆரஞ்சு நிறக் கருவியில், ஆகாயத்தில் எங்கேயோ சுற்றுகிற செயற்கைக்கோளைப் பிடித்துக்கொண்டு, அவருடைய கேள்வி வந்து இறங்கும். சாப்பிட்டியா. கால் எப்படி இருக்கு. ஆறு வந்துட்டா. இன்றும் வந்தது. ஆறு வந்துட்டா. நேற்று ஒரு ரோட்டைத் தாண்டினார்களே, அந்த ரோட்டுக்கு அவர் லீவு போட்டுக் கார் கொண்டுவரத் தயாராக இருக்கிறார், லாட்ஜில் ரூம்கூடப் பார்த்து வைத்திருக்கிறாராம், வெந்நீர்த் தொட்டி இருக்கிற ரூம். வெந்நீர்த் தொட்டி! தோற்றுப்போய் வருகிறவளுக்கு வெந்நீர். இல்லை, அவர் அப்படி நினைக்கவில்லை, அவர் நிஜமாகவே அவளுடைய காலுக்கு வெந்நீர் நல்லது என்றுதான் நினைக்கிறார். அதுதான் இன்னும் மோசம். திட்டியிருந்தால் ரோஷத்தில் பாதி ஆற்றைத் தாண்டியிருக்கலாம். இன்னிக்குத் தாண்டுதேன் என்று பதில் அடித்தாள், அடித்துவிட்டு அழித்தாள். நல்லா இருக்கேன் என்று மட்டும் அனுப்பினாள். தாண்டிவிட்டுச் சொல்லலாம். தாண்டுவேன். ஒருத்தரும் காரெடுத்துக்கொண்டு வர வேண்டாம். இந்த ஒரு ஆறு. இதற்கு இந்தப் பக்கம் அவள் எல்லாருக்கும் தெரிந்த செண்பகவல்லி. அந்தப் பக்கம் யார் என்று அவளுக்கே தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

குற்றாலத்தை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்று நினைத்ததுமே வந்துவிட்டது, வந்து தலைமேல் கொட்டுகிறது. சீசன் கூட்டம், எண்ணெய் பிசுபிசுக்கிற பாறை, முன்னால் பின்னால் எல்லாம் அடுத்தவள் முதுகு, ஈரச் சேலை வாடை. எட்டாம் வகுப்போ ஒன்பதோ. அம்மாவின் கை நழுவினது தெரியவில்லை, கால் நழுவினது தெரிந்தது. தலைமேல் விழுந்த தண்ணீர் மூக்குக்குள் வந்து, வாய்க்குள் வந்து, எந்தப் பக்கம் காற்று எந்தப் பக்கம் பாறை என்று ஒரு திசையும் இல்லாமல், கண்ணைத் திறந்தால் வெள்ளை, மூடினாலும் வெள்ளை. யாரோ ஒரு பொம்பளை, முகம்கூடப் பார்க்கவில்லை, சடையைப் பிடித்து இழுத்துப் போட்டாள். "பிள்ளைய விட்டுட்டுக் குளிக்கியா, கூறுகெட்டவளே" என்று அம்மாவை ஏசினாள். அம்மா அழவில்லை, ஏசவில்லை, தலையைத் துவட்டிவிட்டாள், அல்வா வாங்கிக் கொடுத்தாள். அதற்கப்புறம் யாரும் அவளைத் தண்ணீர்ப் பக்கம் அனுப்பவில்லை. திருச்செந்தூர் கடலிலும் கரையில் செருப்புக்குக் காவல். மகனுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கப் போன இடத்திலும் துண்டுக்குக் காவல். நீ இருந்துக்கோ, நீ இங்கயே இருந்துக்கோ. இருந்து இருந்து, காவல் காத்துக் காத்து, ஒரு நாள் பார்த்தால் பாதி ஆயுசு போய்விட்டது. ஒரு தடவைகூட யாரும், வா பரவாயில்ல, என்று சொன்னதில்லை. ஜெசிந்தா சொன்னாள். வாட்டி, நான் பிடிச்சுக்கிடுதேன், நான் யாரு, கடல்ல பெறந்தவ, எனக்கு ஆறெல்லாம் ஒரு ஆறா.

சூரியன் மரத்துக்கு மேலே வந்துவிட்டது. இப்போதுதான் உறைத்தது அவளுக்கு. ஐயோ, வெயில் ஏறிவிட்டதே. பாலைவனத்தில் வெயில் ஏறினால் தண்ணீர் வற்றும், இங்கே வெயில் ஏறினால் தண்ணீர் ஏறும். மேலே பனி உருகி உருகி மத்தியானத்துக்குமேல் ஆறு பெருகும், அதனால் காலையிலேயே தாண்டிவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் ஜெசிந்தா அவசரப்பட்டாள். அதற்காகத்தான் ஊற்றச் சொன்னாள். கனத்தைப் பற்றி அல்ல, நேரத்தைப் பற்றி. இதை அப்போதே சொல்லியிருந்தால் என்ன, மூதி? சொன்னாளோ? சொல்லியிருப்பாள். காதில் தண்ணீரின் களக் களக் மட்டும் விழுந்திருக்கும். செண்பகவல்லி நடையை எட்டிப் போட்டாள். பை முதுகில் குதித்தது. சத்தம் ஒன்று கேட்க ஆரம்பித்தது, முதலில் காற்று என்று நினைத்தாள், பிறகு லாரி என்று நினைத்தாள், இந்தக் காட்டில் ஏது லாரி. ஆறுதான். இரையட்டும், கால் நடக்கட்டும்.

ஆறு அவ்வளவு ஒன்றும் அகலமில்லை. அதுதான் பயம். தெரு அகலம், ஆனால் அந்தத் தெருவில் நிற்க இடமில்லாமல் தண்ணீர் முட்டிமோதிக்கொண்டு போகிறது, பச்சையும் வெள்ளையுமாக, அடியில் கல்லை உருட்டுகிற சத்தத்தோடு. கரையில் ஜெசிந்தா இல்லை. இங்கே நிற்பேன் என்றாளே. ஈர மண்ணில் அவளுடைய சப்பாத்துத் தடம் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. நிமிர்ந்து பார்த்தால், அட சண்டாளி, அந்தக் கரையில் உட்கார்ந்திருக்கிறாள். பேச்சு மாறிவிட்டாள். சேர்ந்து இறங்குவோம் என்றவள் தனியாகத் தாண்டிவிட்டாள். கோபம் வந்த வேகத்தில் கண்ணே இருட்டியது. போடி, நீயும் அவ்வளவுதானா, எல்லாரும் அந்தக் கரையில் போய்க் குளிப்பீர்கள், நான் இங்கே துண்டுக்குக் காவலா? கையை ஆட்டினாள். "ஏட்டி ஜெசி!" ஆறு அந்தச் சத்தத்தைத் தொண்டையிலேயே வாங்கிக்கொண்டது. அந்தக் கரையில் கை ஒன்று மெல்ல உயர்ந்து, மெல்லக் கீழே விழுந்தது. வா என்கிறாளா, போ என்கிறாளா? சோம்பேறித்தனமாக ஒரு கையாட்டல். சரி, அப்படியே இரு. நான் திரும்பிப் போகிறேன், ரோடு இருக்கிறது, கார் வரும், வெந்நீர் இருக்கிறது. இல்லை. இரு. ஒரு நிமிஷம் இரு, செம்பா. ஜெசிந்தா ஏன் உட்கார்ந்திருக்கிறாள்? அவள் உட்காருகிற ஜாதியே இல்லையே. சோற்றைக்கூட நின்றுகொண்டு சாப்பிடுகிறவள். பையைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள். தலைமுடி மண்டையோடு ஒட்டியிருக்கிறது. சட்டை கறுப்பாக இருக்கிறது, அவள் போட்டிருந்தது வெளிர் நீலம். நனைந்தால்தான் அந்த நீலம் கறுக்கும். தலைவரைக்கும் நனைந்திருக்கிறாள்.

விழுந்திருக்கிறாள். முழுகி எழுந்திருக்கிறாள். கடலில் நீந்துகிறவள், நீந்தத் தெரியும் என்கிற தைரியத்தில் ஆகக் குறுகலான இடமாகப் பார்த்து இறங்கியிருக்கிறாள், நாலு எட்டில் தாண்டிவிடலாம் என்று. கடல் உடம்பைத் தூக்கும், இந்த ஆறு காலைத் தட்டும். எதற்காக இறங்கினாள்? ஆழம் பார்க்க. வேறென்ன. இவள் வருவதற்குள் ஆழம் பார்த்து வைத்துவிட்டு, திரும்பி வந்து, இவ்வளவுதான்ட்டி இடுப்புகூட இல்ல, வா என்று சொல்வதற்கு. இந்தத் தேர் அசைந்து வந்து சேர்வதற்குள். ஜெசிந்தாவின் கை மார்பில் இருந்த வாரைத் தடவிக்கொண்டிருந்தது. கொக்கியை அமுக்கினால் பட்டென்று விடுபடுகிற வார், தினமும் ஐம்பது தடவை பார்க்காமலே கழற்றுகிற வார், அதைத் தடவுகிறாள், தடவுகிறாள், கழற்ற முடியவில்லை. செண்பகவல்லிக்கு அப்போதுதான் உடம்பு சில்லிட்டது. ஜெசிந்தாவே சொல்லிக்கொடுத்ததுதான், பாலைவனத்தில் உட்கார்ந்து ஒருநாள் மத்தியானம், மலையில குளுரு புடிச்சா மொதல்ல வெரலு சொன்னபடி கேக்காது, அப்புறம் நாக்கு கேக்காது, அப்புறம் ஆளு பேசாம சிரிச்சிக்கிட்டே தூங்கிப் போவான். அவள் பை நனைந்திருக்கும், மாற்றுத் துணி நனைந்திருக்கும். காய்ந்த துணி இங்கே. அடுப்பு இங்கே. தீப்பெட்டி இங்கே. பாதிப் பாரம் இந்தக் கரையில், அது தேவைப்படுகிற உடம்பு அந்தக் கரையில். வேறு யாராவது வருவார்கள், பின்னால் அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்தார்களே. எப்போது வருவார்கள்? கருவியில் ஆபத்துப் பொத்தான் இருக்கிறது, அமுக்கலாம், அமுக்கினாள், ஹெலிகாப்டர் வரட்டும், எப்போது வரும்? ஒரு பொம்பளை சடையைப் பிடித்து இழுக்கிற நேரம்தான் எதற்கும் இருக்கிறது. சரி. அந்தப் பொம்பளை இன்று நான்தான். வேறு ஆளில்லை.

ஆனால் இங்கே இறங்க மாட்டேன். ஜெசி இறங்கின இடத்தில் இறங்கினால் ரெண்டு பேரும் போவோம். நீச்சல் தெரிந்தவள் இடம் பார்க்க மாட்டாள், தெரியாதவள் பார்ப்பாள். செண்பகவல்லி ஜெசிந்தாவைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி, இரு, வாரேன், என்று காட்டிவிட்டு, ஆற்றை எதிர்த்து மேலே நடந்தாள். நாலு மரம் தாண்டியதும் ஜெசிந்தா மறைந்துவிட்டாள். கண்ணில் படாமல் போனதும், திரும்பிப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாமா, கூடாது, நட. கரிசல் காட்டு ஓடையில் மழைத் தண்ணீர் வந்தால் எங்கே தாண்டுவார்கள்? குறுகின இடத்தில் மாடுகூட இறங்காது. பரந்த இடத்தில், தண்ணீர் சிதறிக் கிடக்கிற இடத்தில், மணல் தெரிகிற இடத்தில். இருக்கும். எந்த ஆற்றுக்கும் அப்படி ஒரு இடம் இருக்கும். அகலமாக இருக்கிறதே என்று பயப்படக் கூடாது, அகலம்தான் நல்லது. ஒரு வளைவு தாண்டியதும் ஆறு கையை விரித்துக் கிடந்தது, மூன்று நான்கு கிளையாக, நடுநடுவே கூழாங்கல் திட்டு. சத்தமும் இங்கே வேறு, இரைச்சல் குறைந்து சலசலப்பு. பையை இறக்கினாள். பாட்டில் ஒவ்வொன்றாக எடுத்து மூடியைத் திருகிக் கவிழ்த்தாள். ஆற்றில் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றுகிறாள், பார்க்கிறவர்கள் பைத்தியம் என்பார்கள். கடைசி பாட்டில் காலியாகிறபோது நெஞ்சு என்னவோ செய்தது, அதைப் பார்க்க நேரமில்லை. ஸ்லீப்பிங் பேக்கும் துணியும் இருந்த பிளாஸ்டிக் உறையை முறுக்கி இரண்டு முடிச்சு போட்டாள். பையை மாட்டினாள், இடுப்பு வாரைப் போடவில்லை, மார்பு வாரைப் போடவில்லை, விழுந்தால் பை போகட்டும், ஆள் வரட்டும். நடைக்கு வைத்திருந்த ஊன்றுகோல் இரண்டையும் முன்னால் ஊன்றினாள். இறங்கினாள்.

குளிர் இல்லை இது, கடி. கணுக்காலைக் கடித்தது, கெண்டைக்காலைக் கடித்தது. தண்ணீர் வருகிற பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்துக்கொள், காலைத் தூக்காதே, தேய்த்துத் தேய்த்துப் பக்கவாட்டில் நகர்த்து, நண்டு நடை, ஒரு கால், நில், ஒரு கோல், நில். முதல் கிளை போயிற்று. திட்டில் ஏறி நிற்கக் கூடாது, நின்றால் யோசனை வரும், அடுத்தது. அடுத்தது முழங்கால். மூன்றாவது முழங்காலுக்கு மேலே, தொடையில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி தள்ளியது. அடியில் ஒரு கல் புரண்டது, கால் ஒரு சாண் தானாகப் போயிற்று, கண்ணுக்குள் வெள்ளை வந்தது, அதே வெள்ளை, காற்று எந்தப் பக்கம், அம்மா எந்தப் பக்கம். கோல் நின்றது. கோலோடு அவளும் நின்றாள். திசை இருக்கிறது செம்பா, இந்தா, இது எதிர், இது கரை, அங்கே ஜெசி. ராஸ்கல் தண்ணியே, உன்னை எத்தனை நாள் சுமந்திருப்பேன், எனக்கே இப்படிச் செய்வியா என்று வாய்விட்டு ஏசினாள். அம்மாவை ஏசின அந்தப் பொம்பளையின் குரல் மாதிரியே வந்தது அவளுடைய குரல். ஏசிக்கொண்டே நகர்ந்தாள். நிறுத்தாமல் ஏசினாள். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் இறங்கினபோதுதான் ஏச்சு தீர்ந்துபோயிருந்தது தெரிந்தது. கையும் காலும் மண்ணில் ஊன்றி ஏறி, எழுந்து, ஓடினாள்.

ஜெசிந்தா சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் செண்பகவல்லியை உலுக்கியது. "வந்துட்டியா... தேரு..." என்றாள், வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது. உதடு நாவல்பழம் தின்ற நிறம். வாரின் கொக்கியை இவள் அமுக்கினாள், பையைத் தள்ளினாள், சட்டையை உரித்தாள், பச்சைப்பிள்ளையை உரிக்கிற மாதிரி. "கைய தூக்கு. தூக்குட்டி. கூச்சம் என்ன கூச்சம், ஒருத்தனும் பாக்கல, கரடிதான் பாக்கும்." காய்ந்த துணி, கம்பளித் தொப்பி, தன்னுடைய ஸ்லீப்பிங் பேக்குக்குள் அவளைத் திணித்து, மேலே கூடாரத் துணியைச் சுற்றி, ஆற்றில் ஒரு பாத்திரம் மொண்டு அடுப்பில் வைத்து, சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கி, பின்னாலிருந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்து வாயில் வைத்தாள். ஒரு வாய். இன்னொரு வாய். தூங்காத. தூங்கினா அறைவேன். ரொம்ப நேரம் ஜெசிந்தா நடுங்கவே இல்லை. பிறகு நடுக்கம் வந்தது, பல் தந்தியடித்தது, செண்பகவல்லியின் தாடையில் இடித்தது. நடுங்குவது நல்லது, உடம்பு திரும்பி வருகிறது என்று இதையும் அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். செண்பகவல்லிக்கு இப்போதுதான் அழுகை வந்தது. அவள் முதுகில் முகத்தை வைத்து நன்றாக அழுதாள். அழுது முடித்து, கருவியை எடுத்து, ஆபத்து இல்லை, இரண்டு பேரும் நலம், யாரும் வர வேண்டாம் என்று தட்டி அனுப்பினாள். ஜெசிந்தா ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு தெளிந்து வர இன்னும் இரண்டு பாத்திரம் வெந்நீர் ஆயிற்று.

"போயிருவோம்ட்டி," என்றாள். அவள் குரலில் ஒரு பொட்டுக் கேலி இல்லை. "என்னால ஆவாது. உள்ள போனப்போ நீந்தவே முடியல. கை இருக்கு, காலு இருக்கு, ஒண்ணும் எனக்குக் கேக்கல. இனி ஒரு ஆத்துலயும் எறங்க மாட்டேன். நேத்துப் பாத்தோமே, ரோட்டுக்குத் திரும்பிப் போயிருவோம்."

இந்த வாக்கியத்தைத் தன் வாய் என்றைக்குச் சொல்லிவிடுமோ என்றுதான் செண்பகவல்லி மெக்சிகோ எல்லையிலிருந்து பயந்து பயந்து வந்தாள். அது ஜெசிந்தாவின் வாயிலிருந்து வந்து இரண்டு பேருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. எடுத்துக்கொள்ளலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நான் பயப்படல, ஜெசிக்குத்தான் முடியல என்று சொல்லிக்கொண்டு கௌரவமாகத் திரும்பலாம். அவள் அதை ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஆற்றைப் பார்த்தாள். மத்தியான வெயிலில் அது இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தது.

"ரோடு எந்தப் பக்கம் இருக்கு?"

ஜெசிந்தா தாடையால் எதிர்க்கரையைக் காட்டினாள்.

"அப்ப, திரும்பணும்னாலும் இதத்தானேட்டி தாண்டணும்?"

ஜெசிந்தா ஆற்றைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மறுபடி ஆற்றைப் பார்த்தாள். "மாதாவே," என்றாள். அவள் தோள் குலுங்கியது, நடுக்கமா சிரிப்பா என்று பின்னாலிருந்து பார்க்கிறவளுக்குத் தெரியவில்லை. "முன்னால போனாலும் ஆறு இருக்கேட்டி."

"இருக்கட்டும். விடியக்காலையில முன்னாலயே போவோம், அப்பத் தண்ணி கொறஞ்சிருக்கும்." செண்பகவல்லி பாத்திரத்தை அவள் கையில் கொடுத்து, அந்தக் கை பிடிக்கிற வரைக்கும் விடாமல் வைத்திருந்தாள். "நீ எங்கயும் தானா எறங்காத. எந்த எடத்துல எறங்கணும்னு இனிமே நான் சொல்லுதேன். இப்பக் குடி."